இணையம் இல்லாத நேரத்தில் விக்கி: சில கட்டளைவரிக் கருவிகள் பற்றி

விக்கிப் பக்கத்தை இறக்கி வைத்துக்கொள்ள ஒரு கருவியும் வேண்டாம். தொகு பொத்தானை அமுக்கி, பெட்டியில் இருப்பதையெல்லாம் நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டினால் முடிந்தது. தொல்லையெல்லாம் திரும்பப் போடும்போதுதான். நான் இறக்கியது திங்கட்கிழமை, ஏற்றப் போவது வியாழக்கிழமை. நடுவில் யாரோ ஒருவர் அதே பக்கத்தில் மேற்கோள் சேர்த்திருப்பார், இன்னொருவர் ஒற்றுப்பிழை திருத்தியிருப்பார். என் கோப்பை அப்படியே மேலே ஒட்டினால் அந்த இரண்டு பேர் உழைப்பும் போயிற்று. அதனால் கட்டளை அடித்து இயக்கும் இந்தக் கருவிகளிடம் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: எந்தப் பதிப்பிலிருந்து இறக்கினோம் என்று அதற்கு நினைவிருக்கிறதா? இருந்தால் அது ஒத்திசைக்கும் கருவி. இல்லையென்றால் வெறுமனே ஏற்றும் கருவி, அவ்வளவுதான்.

எனக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். காரைக்குடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன், வீடு பள்ளத்தூர் பக்கம். பழைய கட்டு வீடு, சுவர் கனம் அதிகம். கைப்பேசி சிக்னல் முகப்புத் திண்ணையோடு நின்றுவிடும், உள்ளே வராது. கடையில் இணையம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அங்கே கல்யாணப் பத்திரிகைக்கும் பில் புக்குக்கும் நடுவே விக்கியில் உட்கார முடியுமா? எனவே சாயங்காலம் கடையை மூடுவதற்கு முன் இறக்கிக்கொள்வது, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் வேலை பார்ப்பது, மறுநாள் காலையில் கடைக்கு வந்து ஏற்றுவது என்று ஒரு வழக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் வட்டாரத்து ஊர்களைப் பற்றிய கட்டுரைகள் கொஞ்சம், பழைய நூல்களை எழுத்தாக்கி வைக்கும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பது நிறைய. மடிக்கணினியில் இருப்பது உபுண்டு. படிக்க மட்டும் வேண்டும் என்றால் கிவிக்ஸ் போதும், தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். நான் சொல்வது எழுதுபவர்களுக்கு.

பழைய ஆட்களிலிருந்து தொடங்குகிறேன். எம்விஎஸ் என்று பேர்ல் மொழியில் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துப் பதிப்புக் கருவியான சிவிஎஸ் மாதிரியே 'அப்டேட்', 'கமிட்' என்று கட்டளைகள். எம்டபிள்யூ என்று பைத்தானில் இன்னொன்று, அதுவும் அதே யோசனைதான். இரண்டுமே இறக்கிய பதிப்பை நினைவில் வைக்கும், அந்த வகையில் நல்ல பிள்ளைகள். ஆனால் விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கி அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது, புகுபதிகை முறையே மாறிவிட்டது. இப்போது இவற்றை நிறுவப் பார்ப்பது பொழுது போகாதவர்கள் வேலை. பெயருக்காகச் சொன்னேன்.

அடுத்தது பைவிக்கிபாட். 2003-இல் தொடங்கி இன்றுவரை உயிரோடு, சுறுசுறுப்பாகப் பராமரிக்கப்படுகிற கருவி. தமிழ் விக்கியில் தானியங்கி ஓட்டுகிறவர்கள் பலர் கையிலும் இதுதான். நிறுவுவது சுலபம். எந்தத் திட்டம், எந்த மொழிக் குறி, பயனர் பெயர் என்ன என்று அதுவே கேட்டு அமைப்புக் கோப்பை எழுதிக்கொள்ளும். கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். உங்கள் வழக்கமான கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். மீடியாவிக்கி 1.27 முதல், அதாவது 2016 முதல், கருவிகளுக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்கிக்கொள்ள ஒரு சிறப்புப் பக்கம் இருக்கிறது. இருக்கும் பக்கத்தைத் தொகுக்க மட்டும், புதுப் பக்கம் உருவாக்கவும் என்று உரிமைகளைத் தனித்தனியாக டிக் அடித்துக் கொடுக்கலாம். நாளைக்கே மடிக்கணினி தொலைந்தால் அந்த ஒரு கடவுச்சொல்லை மட்டும் ரத்து செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கீழே சொல்லப் போகும் கிட் கருவிக்கும் இதே கடவுச்சொல்தான்.

பைவிக்கிபாட்டில் பக்கங்களைப் பட்டியலிடும் கட்டளை ஒன்று உண்டு. 'சேவ்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு பக்கத்தையும் கோப்பாக இறக்கித் தரும். ஒரு பகுப்பில் உள்ளதெல்லாம், ஒரு வார்ப்புருவைப் பயன்படுத்தும் பக்கங்கள் எல்லாம், ஒரு முன்னொட்டில் தொடங்குவதெல்லாம் என்று எப்படிக் கேட்டாலும் கொடுக்கும். இந்தப் பொறுக்கி எடுக்கும் வேலையில் இதற்கு இணை இல்லை. திரும்ப ஏற்ற, கோப்பிலிருந்து பக்கம் போடும் இன்னொரு கட்டளை. ஒரே பெரிய கோப்பில் தொடக்கக் குறி, முடிவுக் குறி போட்டு, முதல் வரியில் மூன்று ஒற்றை மேற்கோளுக்குள் தலைப்பு எழுதி, வரிசையாக அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போகும். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே பத்து வினாடி காத்திருக்கும். அது இயல்பிருப்பு. அவசரக்காரர்கள் அதைக் குறைக்காமல் இருப்பது நல்லது.

ஆனால் மேலே சொன்ன கேள்வியை இதனிடம் கேளுங்கள். பக்கம் ஏற்கெனவே இருந்தால், இயல்பாக அது தொடாமல் தாண்டிப் போய்விடும். தாண்டாதே, போடு என்று சொல்ல 'ஃபோர்ஸ்' என்று ஒரு விருப்பம். அதைக் கொடுத்துவிட்டால், நீங்கள் எப்போது இறக்கினீர்கள், அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காது. நேராக மேலே போட்டுவிடும். ஏற்றும் அந்த நொடியில் வேறு யாராவது குறுக்கே தொகுத்தால் பிடிக்கும், மூன்று நாளுக்கு முன்னால் நடந்ததைப் பிடிக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு மாவட்டத்து ஊராட்சிக் கட்டுரைகளை இப்படி ஒரு மூச்சில் ஏற்றினார். இடைப்பட்ட காலத்தில் வேறொரு பயனர் அதே கட்டுரைகளில் மக்கள்தொகைப் பத்தியைச் செம்மைப்படுத்தியிருந்தார். உரையாடல் பக்கத்தில் 'ஐயா, தங்கள் தொகுப்புகளில் எனது திருத்தங்கள் விடுபட்டுள்ளன, கவனிக்கவும்' என்று மிக மரியாதையாக ஒரு வரி வந்தது. தமிழ் விக்கியில் கோபம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மரியாதையாக எழுதுவார்கள். அத்தனையையும் முந்திய நிலைக்குத் திருப்பி, மறுபடி கையால் சேர்த்து முடிப்பதற்குள் மனிதர் நொந்துவிட்டார்.

பைவிக்கிபாட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்யச் சொல்ல வேண்டியது வேறு வேலை. தேடி மாற்றும் கட்டளை அருமையானது. விக்கிமூலத்துக்காரர்களுக்கு ஒரு சின்ன உதாரணம். தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் விக்கிமூலத்தில் இருக்கின்றன. மெய்ப்புப் பார்க்காத பக்கங்களில் இருப்பது எழுத்துணரி, அதாவது படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள், கொடுத்த உரை. எழுத்துணரிக்கு 'ர' என்ற எழுத்தும் துணைக்கால் என்ற குறியும் ஒன்றுதான். 'காரணம்' என்று அச்சில் இருப்பதை 'கா'வுக்கு அப்புறம் இன்னொரு காலைப் போட்டு வைத்திருக்கும். தமிழில் இரண்டு துணைக்கால் அடுத்தடுத்து வரும் சொல்லே கிடையாது. ஆகவே இரட்டைக் காலைத் தேடினால் வருவது அத்தனையும் பிழைதான், சந்தேகமே வேண்டாம். அதேபோல் 'ஔவை' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகப் பிரித்து அடித்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் மாட்டும். பைவிக்கிபாட் ஒவ்வொரு இடத்தையும் நிறம் காட்டி, மாற்றவா வேண்டாமா என்று கேட்கும். நாம் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே போகலாம். ஆனால் இது இணையத்தில் இருந்தபடி செய்கிற காரியம். திண்ணைக்கு வர வேண்டும். மூன்று கட்டுரையைக் கையோடு எடுத்துப்போய் எழுதிக்கொண்டு வருவதற்கு இது, ஒரு கரண்டி ரசம் தாளிக்க அண்டாவை இறக்கின மாதிரி.

சரி, என் கைக்குப் பிடித்த கருவிக்கு வருகிறேன். கிட்-மீடியாவிக்கி. பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் இருக்கும் என்சிமாக் என்ற பொறியியல் பள்ளியின் மாணவர்கள் 2011-இல் எழுதியது. கிட் என்பது கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் நினைவில் வைக்க நிரலாளர்கள் பயன்படுத்தும் கருவி. அதன் மூலநிரலோடு 'கன்ட்ரிப்' அடைவில் பல காலம் சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. என் உபுண்டுவில் தனித் தொகுப்பாகவே கிடைத்தது. யோசனை அழகானது: விக்கியை இன்னொரு கிட் களஞ்சியமாகப் பாவித்துவிடு. குளோன் செய்தால் பக்கங்கள் கோப்புகளாக வரும், பக்கத்தின் வரலாறு கமிட்டுகளாக, அதாவது சேமித்த பதிப்புகளாக, வரும். திருத்தி, கமிட் செய்து, புஷ் செய்தால் அது விக்கியில் ஒரு தொகுப்பாகப் போய் உட்காரும். கமிட்டுக்கு நாம் எழுதும் செய்தியே தொகுப்புச் சுருக்கம்.

அக்கா மகன் கோயம்புத்தூரில் கணினி வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தபோது காட்டினேன். மூலநிரலைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, பேர்ல எழுதியிருக்கு. இப்ப யாரு பேர்ல எழுதுறாங்க?" என்றான். "யார் பேர்ல இருந்தா என்னடா, வேலை நடக்குதுல்ல" என்றேன். முறைத்தான். எனக்கு பேர்ல் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வரவில்லை.

முக்கியமான எச்சரிக்கை முதலில். விக்கிப்பீடியாவின் முகவரியைக் கொடுத்து வெறுமனே குளோன் என்று அடித்துவிடாதீர்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் அதன் எல்லாப் பழைய பதிப்புகளும் என்று இறக்க ஆரம்பிக்கும். உங்கள் காலத்தில் முடியாது, விக்கி வழங்கிக்கும் வீண் பாரம். 'பேஜஸ்' என்ற அமைப்பில் வேண்டிய பக்கங்களின் தலைப்பை மட்டும் கொடுக்க வேண்டும். தலைப்புக்குள் இடைவெளி இருந்தால் அங்கே அடிக்கோடு. 'கேட்டகரிஸ்' என்று பகுப்பையும் கொடுக்கலாம். கூடவே 'ஷாலோ' என்பதைப் போட்டுவிட்டால் கடைசிப் பதிப்பு மட்டும் வரும், பழைய வரலாறு வராது. என்னைப் போல நாளுக்கு இத்தனை ஜிபி என்று அளந்து செலவழிப்பவர்களுக்கு இந்தக் கடைசி விருப்பம்தான் உயிர். வரலாறு வேண்டுமென்றால் தளத்திலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்த் தலைப்புகளோடு இறங்கியதும் முதலில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். மாறிய கோப்புகள் எவை என்று கிட்டிடம் கேட்டால் தமிழே இருக்காது. 'த' என்ற ஓர் எழுத்துக்கு \340\256\244 என்று வரும். ஒரு தலைப்புக்கு மூன்று வரி எண்கள். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆங்கிலம் அல்லாத பைட்டுகளை கிட் இப்படி எண்ணாகக் காட்டும், அது அதன் இயல்பிருப்பு. 'கோட்பாத்' என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தலைப்புகள் தமிழிலேயே தெரியும். தமிழில் வேலை செய்பவர்கள் கிட் நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் காரியம் இது. ஏனோ எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் முதல் பக்கத்தில் இதைச் சொல்வதில்லை.

அடுத்தது தலைப்பின் நீளம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து ஆறு பைட். மீடியாவிக்கியில் தலைப்புக்கு உச்சவரம்பு 255 பைட், லினக்ஸில் கோப்புப் பெயருக்கும் 255 பைட். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் இல்லை. கோப்புப் பெயரோடு பின்னொட்டு சேர்கிறது. விக்கிமூலத்தில் 'பக்கம்:' என்ற பெயர்வெளி முன்னால் சேர்கிறது, அதற்கு மட்டும் 19 பைட். மீடியாவிக்கி அதைத் தலைப்புக் கணக்கில் எடுப்பதில்லை, கோப்பு முறைமை எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, விக்கிமூலத்தில் நூலின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் ஒரு சாய்கோடு உண்டு. சாய்கோடு கோப்புப் பெயரில் வர முடியாது என்பதால் கருவி அதை மூன்று குறியாக மாற்றி வைக்கும். பழைய நூல்களுக்கு முழ நீளத் தலைப்பு வைத்துப் பதிவேற்றிய நல்லவர்கள் சிலர் உண்டு. அந்த நூல்களில் இந்தக் கணக்கு இடிக்கும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் பாவம். அங்கே கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியே வரக் கூடாது, 'பக்கம்:' என்று ஆரம்பித்தாலே கதை முடிந்தது. விண்டோஸுக்குள் லினக்ஸ் அடுக்கை நிறுவி அதற்குள் செய்தால் உண்டு.

இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டால் வேலை வெண்ணெய். இரவு உட்கார்ந்து நாலைந்து பக்கம் திருத்துகிறேன். காலையில் கடையில் முதலில் புல் (அங்கே மாறியதை இறக்குவது), அப்புறம் புஷ். இடையில் யாராவது தொகுத்திருந்தால், நேராக புஷ் செய்யப் பார்த்தாலும் கருவி விடாது. வரலாறு தொலைந்துவிடக் கூடாது என்பதால் மறுக்கிறேன், முதலில் அங்கே இருப்பதை எடுத்து இணைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பும். நான் தேடியது இந்த ஒரு மறுப்பைத்தான். எந்தப் பதிப்பிலிருந்து இறக்கினோம் என்று அதற்கு நினைவிருக்கிறது, எனக்குப் பதிலாக அது எச்சரிக்கையாக இருக்கிறது.

வேறு வேறு பத்தியில் தொகுத்திருந்தால் கிட் தானாகவே இணைத்துவிடும். ஒரே பத்தியில் என்றால் முரண்பாடு. விக்கி உரையில் ஒரு முழுப் பத்தியும் ஒரே வரி, கிட் வரிவரியாகத்தான் பார்க்கும். நான் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்திருப்பேன், இன்னொருவர் முதல் வாக்கியத்தில் ஒரு 'க்' சேர்த்திருப்பார். கிட் அந்தப் பத்தியை இரண்டு முறை, மேலும் கீழுமாக, குறிகளுக்கு நடுவே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பத்து வரிப் பத்தியில் எங்கே அந்த 'க்' என்று தேடுவது கண்ணுக்குக் கேடு. இரண்டு அமைப்புகள் உதவும். ஒன்று, முரண்பாட்டைக் காட்டும்போது மூலப் பதிப்பையும் நடுவில் சேர்த்துக் காட்டும் 'டிஃப்3' பாணி. இன்னொன்று, வேறுபாட்டைச் சொல் சொல்லாகக் காட்டும் 'வேர்ட்-டிஃப்'. சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுத்து எழுத்தாகக் காட்டச் சொன்னால் மெய்யைத் தனியாக, கொம்பைத் தனியாக, புள்ளியைத் தனியாகப் பிய்த்துப் போடும், ஒன்றும் புரியாது.

முரண்பாட்டுக் குறிகளை அழிக்காமல் புஷ் செய்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? கிட் நடுவில் வைக்கும் ஏழு சமக்குறி வரியை மீடியாவிக்கி ஒரு துணைத்தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். கட்டுரையின் பொருளடக்கத்தில் வெறும் சமக்குறி ஒன்று தலைப்பாக வந்து நிற்கும். அப்படி ஒன்றை எங்காவது பார்த்தால் நம்மவர் யாரோ கிட் பயன்படுத்துகிறார் என்று அர்த்தம்.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, நீங்கள் உள்ளூரில் செய்யும் ஒவ்வொரு கமிட்டும் விக்கியில் தனித் தொகுப்பாகப் போகும். கிட் பழக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கமிட் செய்பவர்கள், ஏற்றுவதற்கு முன்னால் அவற்றை ஒன்றாக மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அண்மைய மாற்றங்கள் பக்கம் முழுக்க உங்கள் பெயராகவே இருக்கும், சுருக்கத்தில் 'சும்மா', 'மறுபடி' என்றெல்லாம் இருக்கும். இரண்டாவது, இதுதான் ஆபத்தானது. இனி இந்தக் கோப்பு எனக்கு வேண்டாம் என்று கிட்டில் நீக்கி, கமிட் செய்து, புஷ் செய்யாதீர்கள். பக்கத்தை நீக்கும் அதிகாரம் நிர்வாகிகளுக்கு மட்டுமே என்பது கருவிக்குத் தெரியும். எனவே நீக்குவதற்குப் பதிலாக, பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் துடைத்துவிட்டு, நீக்கப்பட்டது என்று பொருள்படும் ஆங்கிலப் பகுப்பு ஒன்றை மட்டும் எழுதி வைக்கும். பார்ப்பவர்களுக்கு அது பச்சையான விசமத் தொகுப்பு. வேண்டாத பக்கத்தை 'பேஜஸ்' பட்டியலிலிருந்து எடுத்தால் போதும், கோப்பு பாட்டுக்குக் கிடக்கட்டும்.

விக்கிமூலக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உலாவியில் மெய்ப்புப் பார்க்கும்போது கீழே வண்ணப் பொத்தான்கள் இருக்கும்: சிவப்பு, மஞ்சள், பச்சை என்று. கோப்பாக இறக்கினால் அந்தப் பொத்தான்கள் இல்லை. அதற்குப் பதிலாகக் கோப்பின் தலையிலேயே பக்கத் தரம் என்று ஒரு ஒட்டு, அதில் நிலை எண்ணும் பயனர் பெயரும் இருக்கும். மெய்ப்புப் பார்த்தாயிற்று என்றால் 1 என்பதை 3 ஆக்கி, பெயரையும் உங்களுடையதாக மாற்ற வேண்டும். உரையை மட்டும் திருத்திவிட்டு இதை விட்டுவிட்டால் பக்கம் சிவப்பாகவே கிடக்கும், இன்னொருவர் வந்து முதலிலிருந்து மெய்ப்புப் பார்ப்பார். நீங்கள் மஞ்சளாக்கிய பக்கத்தை நீங்களே 4 என்று போட்டுப் பச்சையாக்கவும் முடியாது, விக்கி ஏற்காது. இரண்டாவது ஆள் பார்த்தாக வேண்டும் என்பது விதி. அது நல்ல விதிதான். இன்னொன்று, மெய்ப்புக்குப் படமும் வேண்டும். நூலின் பிடிஎஃப் கோப்பைத் தனியாக இறக்கி, பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்கிறேன். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு என்றால் 'னை', 'லை' எல்லாம் தும்பிக்கை வைத்துத்தான் இருக்கும், எழுத்துணரி அங்கே தடுமாறும். படம் இல்லாமல் ஊகத்தில் திருத்துவது அசல் நூலுக்குத் துரோகம்.

சேமிக்கும் முன் பக்கம் எப்படித் தெரியும் என்று காட்டும் முன்தோன்றல் இல்லை என்பது உண்மையான குறை. கிட்-மீடியாவிக்கியோடு முன்தோன்றல் காட்டும் துணைக்கட்டளை ஒன்று இருக்கிறது. ஆனால் அது உரையை விக்கி வழங்கிக்கு அனுப்பி அங்கேயிருந்து வாங்கிக் காட்டுவது, இணையம் இல்லாமல் நடக்காது. பேன்டாக் என்ற வடிவமாற்றுக் கருவி மீடியாவிக்கி உரையைப் படித்து பக்கமாக மாற்றித் தரும், தலைப்பு, பட்டியல், அட்டவணை எல்லாம் ஓரளவு தெரியும். வார்ப்புருக்கள் தெரியாது. தகவற்பெட்டியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் அது மறுநாள் காலையில் கடையில்தான் தெரியவரும்.

அப்புறம் முனையம், அதாவது கட்டளைகளை அடிக்கும் சாளரம். தமிழில் கட்டளைவரி என்றாலே இந்தச் சங்கடம் இருக்கிறது. உபுண்டுவோடு வரும் வழக்கமான முனையத்தில் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேர்ந்து நிற்பதில்லை. கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் நிற்கும். கேடிஈயின் கொன்சோல் இதைவிடத் தேவலை. எம்எல்டெர்ம் இந்திய எழுத்துகளுக்காகவே மெனக்கெட்டிருக்கிறது, பார்க்க அவ்வளவு லட்சணமாக இல்லாவிட்டாலும் எழுத்தைச் சரியாகக் காட்டும். முனையத்துக்குள்ளேயே இருக்கும் திருத்தியில் தமிழ் எழுத நான் முயல்வதே இல்லை. கேட் திருத்தியில் கோப்பைத் திறந்து எழுதுகிறேன், முனையம் கட்டளைக்கு மட்டும். விசைப்பலகையும் ஒரு ரோதனை. கட்டளை ஆங்கிலத்தில், தலைப்பு தமிழில், நடுவில் ஒவ்வொரு முறையும் தமிழ்99-க்கு மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். தலைப்பின் முதல் எழுத்தை அடித்துவிட்டு டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். 'ஸ்ரீ' என்று தொடங்கும் தலைப்புகளில் மட்டும் சில சமயம் நிரப்பாது. அந்த 'ஸ்ரீ'யை ஸகரத்திலும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி, கணினிக்கு வேறு வேறு.

விக்கிமீடியா சங்கதியே இல்லாமல், சொந்தக் குறிப்புகளுக்கு, ஒரு சின்னக் குழுவுக்கு விக்கி வேண்டும் என்பவர்கள் இவ்வளவு பாடுபட வேண்டாம். கிட்ஹப்பில் ஒவ்வொரு களஞ்சியத்தோடும் வரும் விக்கி, உள்ளுக்குள் ஒரு கிட் களஞ்சியம்தான். முதல் பக்கத்தை மட்டும் உலாவியில் உருவாக்கிவிட்டால், பிறகு குளோன், புஷ் எல்லாம் சாதாரணமாக நடக்கும், தனிக் கருவி வேண்டாம். டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள் இன்னும் எளிமை, தரவுத்தளமே இல்லை, பக்கங்கள் எல்லாம் உரைக் கோப்புகள். ஆனால் தமிழ்த் தலைப்பு வைப்பவர்கள் நிறுவியதும் கோப்புப் பெயர்க் குறியாக்கம் என்ற அமைப்பைப் பாருங்கள். இயல்பிருப்பில் அது முகவரிப் பட்டையில் வருவது போல விழுக்காட்டுக் குறி போட்டுச் சேமிக்கும். ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது பைட். 27 குறிகளுக்கு மேல் தலைப்பு போனால் கோப்பே உருவாகாது. 'திருப்பத்தூர்' என்று எழுதவே 13 குறிகள் ஆகிவிடுகின்றன. யூடிஎஃப்-8 என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். பக்கங்கள் சேர்ந்த பிறகு மாற்றினால் பழைய கோப்புகளுக்கெல்லாம் பெயர் மாற்ற வேண்டிவரும்.

கிட்-மீடியாவிக்கியில் இப்போது புதிதாகப் பெரிய வேலை எதுவும் நடப்பதில்லை. விக்கிமீடியா தளங்கள் புகுபதிகையில் இன்னொரு மாற்றம் கொண்டுவந்தால் இதைச் சரிசெய்ய யாராவது பேர்ல் தெரிந்தவர் மனது வைக்க வேண்டும். அக்கா மகனிடம் சொல்லிப் பார்த்தேன். பைத்தானில் புதிதாகவே எழுதித் தருகிறேன் மாமா என்று கிளம்பினான், எம்டபிள்யூகிளையன்ட் நூலகத்தை வைத்து இருபது, முப்பது வரியில் இறக்கவும் ஏற்றவும் ஒரு நிரலும் எழுதி அனுப்பினான். திறந்து பார்த்தேன். இறக்கிய பதிப்பு எண்ணை எங்கேயும் சேமிக்கவில்லை. 'அதையும் சேர்த்து அனுப்புடா' என்று செய்தி போட்டிருக்கிறேன்.